ஊக்கமருந்தும் விளையாட்டறமும்

விழாமலர்க் குழுவினர் எம்மிடம் ஒரு கட்டுரை வேண்டியபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியம் பற்றியோ இலக்கணம் பற்றியோ எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ விளையாட்டு. அன்பர் சிலர் இது கண்டு நகைத்தலுங் கூடும். ஆயினும், கல்முனைக் கரையோரத்துப் பாடசாலைகளில் ஆசிரியத்தொழில் புரிந்தோர் ஒன்றறிவர்: இல்ல விளையாட்டுப் போட்டி வந்துவிட்டால் தமிழாசிரியர், கணித ஆசிரியர் என்னும் வேற்றுமை இல்லை. ஒருவர் கையில் நிறுத்தற்கடிகாரம். ஒருவர் கையில் அளவுநாடா. ஒருவர் கையில் ஒலிவாங்கி. பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்று இப்பகுதியிற் பணியேற்ற நாள் முதலாக, முடிவுக்கோட்டருகே நின்று முதலாவது யார், இரண்டாவது யார் எனத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு எம்மைச் சார்ந்தே வந்துள்ளது. அப்பொறுப்பிலே யாம் ஒருமுறை வழுவினோம். அவ்வழுவே இக்கட்டுரைக்கு வித்து. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

பெயரும் பொருளும்

போட்டியிலே செயற்கையாக வலிமையை மிகுவித்தற்பொருட்டு உட்கொள்ளப்படும் பொருள்களை இன்று ஊக்கமருந்து என வழங்குகின்றோம். இப்பெயர் வழக்கில் நிலைத்துவிட்டது; ஆயினும் பொருந்திய பெயர் அன்று என்பது எம் கருத்து. வள்ளுவப் பெருந்தகை ஊக்கமுடைமை என ஓர் அதிகாரமும், மருந்து என வேறோர் அதிகாரமும் வகுத்தார். முன்னையது உள்ளத்தின் உறுதி பற்றியது. பின்னையது உடலின் நோய் பற்றியது. நோயாளன் நோய் நீங்குதற்கு உண்பது மருந்து. நோயிலான் பிறனை வெல்லுதற்கு உண்பது மருந்தாதல் யாங்ஙனம்? ஊக்கமோ உள்ளத்தில் ஊறுவது, ஊசியில் ஏற்றக்கூடியதன்று. ஆகவே இப்பொருளில் ஊக்கமுமில்லை, மருந்துமில்லை. எனினும் உலகவழக்கைத் தழுவி நாமும் அச்சொல்லையே ஆள்வாம்.

இவை பலதிறத்தன. அனபோலிக் ஸ்டெரொயிட்டு எனப்படுவன ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டோஸ்டெரோனைப் போன்று தொழிற்பட்டுத் தசையைப் பெருக்குவன. நாண்ட்ரோலோன், ஸ்டனோசோலோல் என்பன இவ்வகையின. இவற்றால் ஈரலும் இதயமும் கேடுறும். வளரும் பருவத்தார் உட்கொள்ளின் எலும்பின் வளர்முனை காலத்திற்கு முன்னரே மூடிக்கொள்ள, உயரம் குன்றும். அம்பெற்றமீன் முதலியன களைப்பை மறைத்து உடலை மேன்மேலும் செலுத்துவன. களைப்பு என்பது உடல் விடுக்கும் எச்சரிக்கையாதலின், அதனை மறைத்தல் வீட்டில் தீப்பற்றியபோது கூவுவானின் வாயைப் பொத்துதல் போலும். எரித்ரோபொயிற்றின் என்பது குருதியிலுள்ள செங்கலங்களைப் பெருக்கித் தசைக்கு மிகுந்த ஒட்சிசனைக் கொண்டுசெல்லச் செய்வது. நெடுந்தூர ஓட்டக்காரரும் சைக்கிளோட்டக்காரரும் நாடியது இதுவே. மிகும்போது குருதி தடித்து உறைந்து உயிருக்கு இறுதியாதலும் உண்டு. இனி, சிறுநீரைப் பெருக்கி ஏனை மருந்துகளின் தடத்தை அழித்தற்கெனவே உட்கொள்ளப்படுவனவும் தடைசெய்யப்பட்டனவே. துப்பாக்கி சுடுதலில் கைந்நடுக்கம் நீக்கும் இதயமருந்தும் அப்போட்டிக்கு விலக்கப்பட்டதாகும்.

எப்பொருள் தடைக்குரியது என வரையறுப்பதற்கு, 1999 இல் நிறுவப்பெற்ற உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் மூன்று அளவைகளை வைத்துள்ளது. திறனை மிகுவித்தல் ஒன்று. உடல்நலத்துக்கு ஊறு விளைத்தல் ஒன்று. விளையாட்டின் உயிர்ப்பண்புக்கு மாறாதல் ஒன்று. இம்மூன்றில் இரண்டு பொருந்துமாயின் அப்பொருள் தடைப்பட்டியலில் இடம்பெறலாம். மூன்றாவது அளவை ஆய்கூடத்தில் அளந்தறியக்கூடியதன்று, அஃது அறம்பற்றியது. அறிவியலாளர் வகுத்த பட்டியலின் அடித்தளத்திலும் அறம் என்னும் சொல்லே நிற்றல் காண்க.

பண்டும் அண்மையும்

வஞ்சித்து வெல்லும் வேட்கை புதிதன்று. பழைய கிரேக்க நாட்டு ஒலிம்பியாவிலே, கி.மு. 388 இல் நிகழ்ந்த 98 ஆவது விழாவில், தெசலி நாட்டு யூபோலசு என்னும் குத்துச்சண்டை வீரன் தன்னை எதிர்த்தோர்க்குக் கையூட்டுக் கொடுத்து வென்றான். கொடுத்தவனும் கொண்டோரும் தண்டிக்கப்பட்டனர். அத்தண்டப்பணத்தைக் கொண்டு சேயுசு கடவுளின் வெண்கலச்சிலைகள் வார்ப்பிக்கப்பட்டு, விளையாட்டரங்கின் நுழைவாயிலுக்குச் செல்லும் வழியில் நிறுத்தப்பட்டன. களம்புகும் ஒவ்வொரு வீரனும் அச்சிலைகளைக் கடந்தே செல்லல் வேண்டும். வென்றோர்க்குச் சிலையெடுத்தல் எங்குமுள்ளது. குற்றத்தை நினைவூட்டச் சிலையெடுத்த பெருமை அந்நாட்டார்க்குரியது.

இக்கால ஒலிம்பிக்கில், 1904 ஆம் ஆண்டு சென் லூயி நகரில் மரதனோட்டத்தில் வென்ற தோமசு இக்சு என்பாருக்கு, ஓடும்போதே ஸ்திரிக்னின் என்னும் நச்சுப்பொருள் பிராந்தியோடு கொடுக்கப்பட்டது. அன்று அதனைத் தடுக்கும் விதியில்லை. 1967 இல் பிரெஞ்சு நாட்டுச் சைக்கிளோட்டப் போட்டியில் தொம் சிம்ப்சன் என்னும் ஆங்கிலேய வீரர் வொந்து மலையேற்றத்தில் வீழ்ந்து இறந்தார். அவர் உடலில் அம்பெற்றமீன் காணப்பட்டது. மறு ஆண்டிலேயே, 1968 இல், ஒலிம்பிக் விழாக்களிற் பரிசோதனை தொடங்கிற்று. அவ்வாண்டு மெக்சிக்கோவில் முதன்முதலாகத் தகுதியிழந்தவர் சுவீடன் நாட்டு லில்ஜென்வால். அவர் உட்கொண்டது துப்பாக்கி சுடுமுன் நடுக்கந் தணிதற்கெனக் குடித்த பியர்! 1988 இல் சியோல் நகரில் 100 மீற்றரை 9.79 செக்கனில் ஓடி உலகை வியப்பித்த கனடா நாட்டுப் பென் ஜோன்சன், மூன்று நாட்களுள் ஸ்டனோசோலோல் கண்டறியப்பட்டுப் பொற்பதக்கத்தை இழந்தார்.

ஆயினும் தனியொருவர் செய்த பிழையினும் கொடியது அரசே செய்த பிழை. கிழக்கு ஜேர்மனி என ஒரு நாடு இருந்த காலத்தில், அரசின் திட்டமாகவே இளம் வீராங்கனைகளுக்கு நீலநிற ஸ்டெரொயிட்டு மாத்திரைகள் வழங்கப்பட்டன. விற்றமின் என்று சொல்லியே பலருக்குக் கொடுத்தனர். பதக்கங்கள் குவிந்தன. பிள்ளைகளின் குரல் தடித்தது. மேனியில் மயிர் அடர்ந்தது. நோய்கள் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தன. 2000 ஆம் ஆண்டில் அத்திட்டத்தின் தலைவர்கள் பெர்லின் நீதிமன்றத்திற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். பிள்ளைகளுக்கு இழந்த உடல்நலத்தை எந்நீதிமன்றம் மீட்டளிக்கும்?

சிட்னியில் நிகழ்ந்தது

இலங்கையர் நாம் மறவாத ஓட்டம் ஒன்றுண்டு. 1948 இல் இலண்டனில் டங்கன் வைற் 400 மீற்றர் தடையோட்டத்தில் வெள்ளி வென்றபின், ஐம்பத்திரண்டு ஆண்டுகள் இந்நாடு ஒலிம்பிக் பதக்கம் எதனையுங் கண்டதில்லை. 2000 ஆம் ஆண்டு சிட்னியிலே, பெண்களுக்கான 200 மீற்றரில், சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கனில் ஓடி மூன்றாமிடம் பெற்றார். பகாமாசு நாட்டுப் போலின் டேவிஸ் 22.27, செக்கனில் நூற்றிலொரு பங்கே இடைவெளி. முதலாவதாக வந்த அமெரிக்கரான மரியன் ஜோன்ஸ் 21.84 செக்கனில், ஏனையோரை வெகுவாக விலக்கி ஓடினார். அன்று அவர்தம் சிறுநீரில் யாதொரு குற்றமும் காணப்படவில்லை.

ஏழாண்டுகள் கழிந்தன. 2007 ஒக்டோபரில் மரியன் ஜோன்ஸ் அமெரிக்க நீதிமன்றத்தில் நின்று, தாம் ஊக்கமருந்து உட்கொண்டதையும் அதுபற்றிப் பொய்யுரைத்ததையும் ஒப்புக்கொண்டார். ஆளிவிதை எண்ணெய் என்றே அக்காலத்தில் எண்ணியிருந்தேன் என்பது அவர் கூற்று. அவ்வாண்டு திசெம்பரில் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009 திசெம்பரிலேதான் வரிசை மாற்றியமைக்கப்பட்டது: டேவிசுக்குப் பொன், சுசந்திகாவுக்கு வெள்ளி, நான்காவதாக வந்த யமேக்கா நாட்டுப் பெவர்லி மக்டொனால்டுக்கு வெண்கலம். மருந்தால் வென்றவரைப் பற்றி உலகம் பேசிற்று. நான்காமிடத்தவரைப் பற்றி யார் பேசினர்? பதக்கமேடையின் கீழ் நின்று, பிறர் கொடியேறக் கண்டு, ஒன்பதாண்டுகள் கழித்துத் தமக்குரியது தமக்கே எனக் கேட்டவர் அவர். பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். அந்நாளைத் திருப்பிக் கொடுத்தல் இயலாது. அதே சிட்னியில் 100 மீற்றர்ப் பொற்பதக்கமும் ஜோன்சிடமிருந்து பறிக்கப்பட்டது. ஆனால் இரண்டாமிடம் பெற்ற கிரேக்க வீராங்கனை 2004 இல் பரிசோதனைக்கு அகப்படாது விலகியவராதலின், அப்பொன் எவருக்கும் வழங்கப்படவில்லை. அவ்விடம் வெறுமையாகவே உள்ளது.

குற்றமும் கவனக்குறைவும்

இங்கு மாணவர் நன்கு உணரவேண்டுவது ஒன்றுண்டு. இவ்விதிகளில் அறியாமை ஒரு விடையாகாது. உடலினுள் இருப்பதற்கு அவ்வுடலுக்குரியவரே பொறுப்பு என்பது சட்டம். அறிந்து செய்தாரா, அறியாது செய்தாரா என்பது தண்டனையின் அளவை மாற்றும். குற்றம் நிகழ்ந்ததென்பதை மாற்றாது. வேண்டுமென்றே செய்தார்க்கு நான்காண்டுத் தடை பொதுவிதி.

2011 உலகக் கிண்ணத் துடுப்பாட்டத்தின்போது நம் நாட்டு வீரர் உபுல் தரங்கவின் உடலில் பிரட்னிசலோன் காணப்பட்டது. தோள்நோவுக்கு அவர் உட்கொண்ட மூலிகை மருந்தினால் வந்தது அது. திறனை மிகுவிக்கும் நோக்கம் அவருக்கில்லை என்பதை விசாரித்தோர் ஏற்றனர். ஆயினும் மூன்றுமாதத் தடை விதித்தனர். நம் கிராமங்களில் கசாயமும் எண்ணெயும் தூளும் கேட்பாரின்றி உட்கொள்ளப்படுதலை நாம் அறிவோம். நாட்டுமருந்தென்றால் தீங்கில்லை என்னும் எண்ணம் களத்திறங்கும் பிள்ளைக்கு உதவாது. கடையில் விற்கும் தசைபெருக்கும் மாவுகளும் அவ்வாறே. பெட்டியின்மேல் எழுதப்படாத பொருளும் உள்ளே இருத்தல் கூடும். நோயுற்றார்க்கு வழியடைக்கப்பட்டதன்று, உரிய மருத்துவச் சான்றோடு முன்னரே விண்ணப்பித்து விலக்குப் பெறலாம்.

மறுபுறத்தையும் காண்க. 2015 இறுதியில் குசல் பெரேரா ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி, நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்தினின்றும் திருப்பியழைக்கப்பட்டார். 2016 உலக இருபதுக்கிருபது போட்டியையும் இழந்தார். அவ்வாண்டு மே மாதத்தில், கற்றார் நாட்டு ஆய்கூடம் தன் முடிவைத் தானே மீளப்பெற்றது, குற்றச்சாட்டும் நீங்கிற்று. ஆய்கூடமும் மனிதர் நடத்துவதே. இதனாலன்றோ ஒரே சிறுநீர் இரு போத்தல்களிற் பிரிக்கப்பட்டு, வீரர் கண்முன்னே முத்திரையிடப்பட்டு, ஒன்றைச் சோதித்தபின் மற்றொன்றையும் சோதிக்கக் கேட்கும் உரிமை அவருக்களிக்கப்படுகின்றது. மாதிரிகள் பத்தாண்டுவரை பாதுகாக்கப்பட்டு, புதிய முறைகளால் மீளச் சோதிக்கப்படுதலும் உண்டு. இலங்கையில் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் இப்பணிக்கு அடித்தளமிட்டது. இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் அதனை நடத்துகின்றது. குற்றவாளி தப்பலாகாது, குற்றமற்றவர் பழிக்கப்படலுமாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே காத்தலே நடுவுநிலைமை.

தோகா நகரில் இருவர்

தமிழகத்துப் பெண்கள் இருவரின் கதை இவ்வறத்தின் இருபக்கங்களையும் காட்டும். இருவரும் வறுமையில் வளர்ந்தோர். இருவரும் 800 மீற்றர் ஓட்டக்காரர். இருவரும் பதக்கம் வென்றது தோகா நகரில். இருவரும் அதனை இழந்தனர்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த முடிகண்டத்துக் கோமதி மாரிமுத்து 2019 ஏப்பிரலில் ஆசிய மெய்வல்லுநர் போட்டியிற் பொன் வென்றார். தமிழுலகம் மகிழ்ந்தது. பின்னர் அவர் மாதிரியில் நாண்ட்ரோலோனின் தடயம் காணப்பட்டது. நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. பொன் சீன வீராங்கனை வாங் சுன்யுவைச் சேர்ந்தது. எம் இனத்தவர் என்பதற்காக இத்தீர்ப்பை வெறுத்தல் முறையன்று. சுசந்திகாவுக்கு நீதி கேட்ட நாவே வாங் சுன்யுவுக்கும் நீதி கேட்டல் வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டக் கத்தக்குறிச்சியைச் சார்ந்த சாந்தி சவுந்தரராசன் 2006 திசெம்பரில் ஆசிய விளையாட்டு விழாவில் வெள்ளி வென்றார். செங்கற்சூளைத் தொழிலாளரின் மகள். அவர் எம்மருந்தும் உட்கொண்டாரல்லர். பாற்பரிசோதனை என ஒன்றை நடத்தி, அவர் பெண்ணல்லர் என்னும் பழியை உலகறியச் செய்து பதக்கத்தைப் பறித்தனர். தமிழக அரசு அவருக்குரிய பரிசை அளித்தது. பின்னாளில் அவர் பயிற்றுநராகவும் பணியேற்றார். எனினும் அவர் பட்ட இழிவு பெரிது. கோமதி வழக்கையும் சாந்தி வழக்கையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. ஒன்று உடலிற் புகுத்தப்பட்டது. மற்றொன்று உடலோடு பிறந்தது.

பிறப்பால் வந்ததும் பிறர் அறியாது புகுந்ததும்

இங்கே ஒரு வினா எழும். பிறப்பிலேயே சிலர்க்கு நெடியகால் உண்டு. சிலர்க்கு அகன்ற மார்புண்டு. பின்லாந்து நாட்டு ஈரோ மந்திரந்தா என்னும் பனிச்சறுக்கு வீரர் 1964 இல் இன்சுபுரூக்கில் இரு பொற்பதக்கம் வென்றார். அவர் குடும்பத்தார்க்குப் பரம்பரையாகவே செங்குருதிக்கலங்கள் மிகுதி என்பது பின்னர் அறியப்பட்டது. ஊசியேற்றிப் பெறும் பயனை அவர் தாயின் வயிற்றிலேயே பெற்றார். அஃது அநீதி அன்றாயின் இஃது எவ்வாறு அநீதியாகும்?

இதற்கு விடை நம் மண்ணிலேயே உளது. மட்டக்களப்புத் தமிழகத்திலே கண்ணகி வழிபாட்டோடு வழங்கிவந்த கொம்புமுறி விளையாட்டை முதியோர் அறிவர். ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாய்ப் பிரிவர். ஒவ்வொரு கட்சியாரும் வளைந்த மரக்கொம்பொன்றைக் கொணர்வர். இரண்டையும் ஒன்றோடொன்று கொளுவிக் கயிறுபூட்டி இழுப்பர். எவர் கொம்பு முறிந்ததோ அவர் தோற்றார். ஒரு கொம்பு மற்றொன்றினும் வைரம் பாய்ந்ததாயிருத்தல் இயல்பு. நல்ல கொம்பைத் தேர்தல் அவர்தம் திறமை. தோற்றவர் அதனைப் பொறுப்பர். ஆனால் ஒரு கட்சியார் தம் கொம்பைக் குடைந்து உள்ளே இருப்புக்கம்பி ஒன்றை மறைத்து வைப்பாராயின், அதனைப் பொறுப்பார் யார்? கம்பி வலியது என்பதனாலன்று. முறிந்தது மரமா அன்றோ என்னும் கேள்விக்கே இடமில்லாது போயிற்று என்பதனால். மரத்தோடு மரம் பொருதும் என்று ஊர் நம்பியிருக்க, மரத்தோடு இரும்பைப் பொருதவைத்தான். மந்திரந்தாவின் குருதி வைரம் பாய்ந்த மரம். ஊசியில் ஏற்றிய குருதி இருப்புக்கம்பி.

கருவிகளிலும் இவ்வரையறை வேண்டியதாயிற்று. 2009 இல் உரோமாபுரியில் நிகழ்ந்த உலக நீச்சற்போட்டியில், நீரில் மிதப்பளிக்கும் புத்தாடைகள் அணிந்து 43 உலகச் சாதனைகள் நிகழ்த்தப்பட்டன. வென்றது மனிதரா ஆடையா என்னும் ஐயம் எழவே, 2010 முதல் அவ்வாடைகள் விலக்கப்பட்டன. சப்பாத்தின் அடித்தடிப்புக்கும் 2020 இல் எல்லை வகுக்கப்பட்டது. இனி, பணமிகுந்த பாடசாலைப் பிள்ளை ஸ்பைக்ஸ் சப்பாத்தணிந்து ஓட, எம் கரையோரத்துப் பிள்ளை கடற்கரை மணலிற் பழகிய வெறுங்காலோடு அவனருகே நிற்றலும் சமனின்மையே என்பார் உளர். உண்மை. அஃது அரசும் பெற்றோரும் பழைய மாணவரும் நீக்கவேண்டிய குறை. ஆனால் ஓர் அநீதி நீங்காதிருத்தல் மற்றோர் அநீதியைச் செய்தற்கு உரிமைச்சீட்டாகாது.

அங்ஙனமாயின், எல்லாரும் உண்ணலாம் என அனுமதித்துவிட்டால் சமன் வந்துவிடாதோ என்று வினவுவாரும் உளர். வாராது. ஒருவர் உண்டால் உண்ண விரும்பாதாரும் உண்ணும் நிலைக்குத் தள்ளப்படுவர். அதிக பணமும் துணிவான வைத்தியரும் உடையாரே வெல்வர். நீலமாத்திரை விழுங்கிய பிள்ளைகளின் நிலையே எங்கும் பரவும். அப்போது களத்திற் பொருதுவோர் வீரர் அல்லர், மருந்துக் கலவையாளர்.

எம் வழு

இதுகாறும் பிறர் குற்றம் பேசினோம். இனி எம் குற்றம்.

இற்றைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், யாம் பணிபுரிந்த ஒரு பாடசாலையில் நன்றாக ஓடும் மாணவன் ஒருவன் இருந்தான். வலயமட்டப் போட்டிக்குப் பெயர் அனுப்புங் காலத்தில், பதினைந்து வயதிற்குட்பட்டோர் பிரிவுக்குரிய எல்லையை அவன் சில மாதங்களாற் கடந்திருந்தான். படிவத்திலே பிறந்த ஆண்டின் ஈற்றிலக்கம் ஒன்று மாற்றப்பட்டது. மாற்றச் சொன்னவர் பலர். மாற்றி எழுதியது எம் கை. பாடசாலையின் பெயருக்காக என்று எம்மை யாமே தேற்றிக்கொண்டோம். உடன்பணியாற்றிய முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் மாத்திரம், "ஹறாமான காசு வீட்டில தங்காது எண்டு எங்கட உம்மா சொல்லுவா சேர். இந்தக் கேடயமும் அப்படித்தான்" என்றார். யாம் நகைத்து ஒதுக்கினோம்.

போட்டியன்று காலை அப்பிள்ளை எம்மருகே வந்து, தாழ்ந்த குரலில், "ஆரும் கேட்டா எத்தின வயசெண்டு சொல்ற சேர்?" என்று வினவினான். "பதினாலு எண்டு சொல்லு மனே" என்றோம். வாய்மையைப் பாடமாகக் கற்பிக்கும் நாவினால் அவனுக்குக் கற்பித்த பொய் அது.

அவன் முதலாவதாக வந்தான். ஓரடி பின்தங்கி இரண்டாவதாக வந்தவன் வேறொரு பாடசாலையைச் சார்ந்த மீனவர் குடும்பத்துப் பிள்ளை, காலிற் சப்பாத்தில்லை. அவ்வாண்டு முதலாமிடத்தவனே மாகாணப் போட்டிக்குச் சென்றான். இரண்டாமவன் மணலில் அமர்ந்து நெடுநேரம் முகத்தை முழங்காலிற் புதைத்திருந்தான். மறு ஆண்டு அவன் ஓடவரவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கடற்கரையிலே கரைவலை இழுப்போர் வரிசையில் அவனைக் கண்டோம். எம்மை அடையாளங் கண்டு சிரித்து, "அண்டைக்கு ஒரு அடியில விட்டுட்டன் சேர்" என்றான். யாம் வாய்திறந்திலோம்.

நாண்ட்ரோலோன் ஏற்றியவனுக்கும் இலக்கம் திருத்திய எமக்கும் வேற்றுமை யாது? அவன் தன் உடலுள் இருப்புக்கம்பியை மறைத்தான். யாம் படிவத்துள் மறைத்தோம். அவனாவது தன்னுடலைப் பணயம் வைத்தான். யாம் ஒரு பிள்ளையின் நேர்மையையும் மற்றொரு பிள்ளையின் ஓட்டத்தையும் பணயம் வைத்தோம். உலக அரங்கிலே மருந்துண்போர் ஒருநாளில் தோன்றுவதில்லை. எப்படியாவது வெல் என்று ஓர் ஆசிரியர், ஒரு பெற்றோர், ஒரு பழைய மாணவர் சங்கம் முதலிற் சொன்ன நாளிலேயே அவ்வழி தொடங்குகின்றது.

இக்கட்டுரையை எழுதி முடித்து அச்சுக்குக் கொடுக்குமுன்னர், அவ்விளைஞனைத் தேடிச்சென்று நடந்ததைச் சொன்னோம். வலைக்கயிற்றைக் கீழே வைத்துவிட்டுச் சிறிதுநேரம் கடலைப் பார்த்திருந்தான். பின்னர், "அப்ப நாந்தான் முதலாவது, என்ன சேர்?" என்றான். ஆம் என்றோம். அவ்வொரு சொல்லைக் கேட்டற்கு அவன் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தான். சுசந்திகா காத்திருந்ததினும் மூன்றாண்டு அதிகம்.

முடிவுரை

பழைய மாணவர்காள்! நீங்கள் கல்லூரியன்னைக்கு அளிக்கும் பரிசு வெற்றிக்கேடயம் மட்டுமே என எண்ணற்க. நல்ல ஓடுபாதை, பிள்ளைகளுக்குச் சப்பாத்து, தகுதியுடைய பயிற்றுநர், போட்டிக்குமுன் ஒரு மருத்துவரின் அறிவுரை என்பனவும் பரிசுகளே. தோற்று மீளும் அணியைத் தலைநிமிர்ந்து வரவேற்றலும் ஒரு பரிசே.

ஆசிரியத் தோழர்காள்! வயதுப் படிவம் எழுதுங் கைக்கு, ஆய்கூடத்தில் சிறுநீர் சோதிக்குங் கைக்குரிய பொறுப்பு உண்டு.

மாணவச் செல்வங்காள்! யாரேனும் ஒரு தூளையோ மாத்திரையையோ நீட்டி, இது வெறும் விற்றமின் என்பாராயின், அது யாது, யார் தந்தது, ஏன் தந்தது என்று கேளுங்கள். விடை தெளிவாக வாராவிடின் உட்கொள்ளாதீர்கள். உங்கள் வயதை மாற்றிச் சொல்லுமாறு ஆசிரியரே பணித்தாலும் மறுத்து நில்லுங்கள். வள்ளுவர் வினைத்தூய்மை என ஓர் அதிகாரம் வகுத்தது அமைச்சர்க்கு மாத்திரம் அன்று. நூறு மீற்றர் ஓடும் பிள்ளைக்கும் அது பொருந்தும். நேர்மையாக ஓடி இரண்டாவதாக வந்தவன் முடிவுக்கோட்டில் எவரையும் நேர்நோக்கலாம். அவ்வாறு நேர்நோக்கும் பிள்ளைகளை இக்கல்லூரி யாண்டுந் தருவதாக.